விளக்கு இருந்த இடத்தில் குழாய்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கொஞ்ச நாளைக்கு முன்பு எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார்கள்.

"அண்ணா, நம்ம போர்டுல ஏன் குழாய் வெச்சீங்க? எல்லா ஊர்லயும் பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளிதானே இருக்கு? யாரைக் கேட்டாலும் சிரிச்சிட்டு, சேகர் அண்ணாவைக் கேளுன்றாங்க. ஒரு நாள் வந்து பேசுங்களேன்."

பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரிப்பது கேட்டது. கெட்ட சிரிப்பு இல்லை.

நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. பந்தியில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கவே வாய் எழாதவன் நான். எழுதித் தருகிறேன் என்று பதில் போட்டேன். படித்தது அஞ்சாவது வரைதான். பிழை இருந்தால் கோமதி திருத்தட்டும். கோமதி யார் என்பது போகப் போகத் தெரியும்.

பள்ளிக்கூடம் நின்ற பிறகு கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதினேன். அப்புறம் செங்கம் ரோட்டில் ஒரு கடையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை போட்டுக் கொடுத்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஜாஸ்தி இல்லை. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டால் கண் இளைப்பாறும் என்பது கைக்குப் பழகியது. அவ்வளவுதான்.

ரெஹானா மேடம் அந்தக் கடைக்கு விசிட்டிங் கார்டு அடிக்க வந்தார். எங்கள் ஊர்க்காரர். அவருடைய அப்பாவுக்குப் பெரிய கடைத்தெருவில் பாத்திரக் கடை. வெளியூரில் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகக் கம்பெனி ஆரம்பிக்கத் திரும்பி வந்திருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். நான் போட்டுக் கொடுத்த கார்டைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "அண்ணா, உங்களால நாலஞ்சு கட்டம் போட்டுத் தர முடியுமா? உள்ள என்ன வரணும்னு நான் சொல்றேன்" என்றார். ஒரு வாரத்து வேலை என்று நினைத்துப் போனேன். கண் மங்கும் வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

அலுவலகம் வேங்கிக்காலில், ஒரு இரும்புக் கடைக்கு மேலே முதல் மாடி. லாட்ஜில் அறை ஒதுக்க ஒன்று, சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் வாங்க ஒன்று, கிளினிக்கில் டோக்கன் கொடுக்க ஒன்று என்று எங்கள் ஆட்கள் மென்பொருள் எழுதினார்கள். அவையெல்லாம் எங்கேயோ தூரத்தில், குளிரூட்டிய ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களில் ஓடிக்கொண்டிருக்கும். நமக்குக் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. அவற்றுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று காட்டுகிற பக்கத்தை வரைவதுதான் என் வேலை. பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் எது நன்றாக ஓடுகிறது, எது தடுமாறுகிறது, எது நின்றுவிட்டது என்று தெரியும். அங்கேயே மவுஸை வைத்து ஒன்றை நிறுத்தலாம், மறுபடி ஓடவிடலாம். அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. நாங்கள் போர்டு என்றோம். சுவரில் பெரிய திரையிலும், அதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர் மேஜையிலும் அது ஓடும்.

போர்டு இருந்த சுவருக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலில் மலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். காலையில் மலை நீலமாக இருக்கும், மத்தியானம் வெளுத்துப் போகும், மழைக்கு முன்னால் கிட்டே வந்து நிற்பதுபோலக் கறுக்கும். ஒன்றுமே பேசாத ஒரு பெரிய உருவம் உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்று வெளியே நிறத்தில் காட்டிக்கொண்டிருக்கிறது. நான் வரைய வேண்டியதும் அதுதான் என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை.

மேடம் என் படத்தைச் சோதிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். கிட்டே வந்து பார்க்கவே மாட்டார். போர்டைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டால் வாசல் வரை வருவார். கதவில் ஒரு தோளைச் சாய்த்து நிற்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியில் சுற்றிக் கையில் வைத்துக்கொள்வார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரில் இருப்பவர் முகமே தெரியாது. அப்படி நின்று ஒரு மூச்சு விடும் நேரம் பார்ப்பார்.

"அந்த மூலையில ஒண்ணுக்கு உடம்பு சரியில்ல. சரியா?"

சரியாகச் சொன்னால் படம் தேறியது. "எனக்கு எல்லாம் ஒண்ணா தெரியுதுண்ணா" என்றால் திரும்ப வரைய வேண்டும். கோபப்பட மாட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. "போர்டைப் பார்க்கறவங்க எப்பவும் போர்டையே பார்த்துட்டு இருக்க மாட்டாங்க. டீ குடிப்பாங்க, போன் பேசுவாங்க, ஜன்னலைப் பார்ப்பாங்க. ஓரக்கண்ணுக்குத் தெரியணும்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

முதலில் நாங்களும் புள்ளிதான் வைத்தோம். பச்சை, மஞ்சள், சிவப்பு. வாசலில் இருந்து பார்த்தால் மேடத்துக்கு எல்லாம் ஒரே கலங்கலாகத் தெரிந்தது. மென்பொருள் எழுதும் தினேஷுக்கோ பிறவியிலேயே பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது. "அண்ணா, எனக்கு எல்லாமே பழுப்பு. உலகமே டீத்தூள்" என்பான். அசைவு வேண்டும் என்று ஆனது. அப்போதுதான் விளக்கு வந்தது.

அகல் விளக்கு. ஒரு மென்பொருளுக்கு ஒரு விளக்கு. நன்றாக ஓடினால் சுடர் நிமிர்ந்து நிற்கும். வேலை ஏற ஏறச் சுடர் வளரும். தடுமாறினால் காற்றுப் பட்டதுபோலத் துடிக்கும். நிறுத்தினால் அணைந்து, திரி நுனியிலிருந்து நூல்போல ஒரு புகை எழுந்து, வளைந்து, கலைந்து போகும். அந்தப் புகைக்காக நான் வீட்டில் எத்தனையோ விளக்குகளை ஏற்றி ஏற்றிக் குளிரவைத்துப் பார்த்தேன். என் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, "வெளக்கோட வெளையாடாதீங்க, நல்லாயில்ல" என்றாள். அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. எனக்கு அப்போது புகை மட்டும்தான் கண்ணில் இருந்தது.

மேடம் வாசலில் நின்று பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். "அழகா இருக்குண்ணா" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டது அது ஒரு தடவைதான். தினேஷ், போர்டைப் பார்த்துக்கொள்ளும் கோமதி, எல்லோரும் விளக்குதான் வேண்டும் என்றார்கள். சுவர் முழுக்க வரிசையாக விளக்கு எரிவதைப் பார்க்கக் கீழே இரும்புக் கடைக்காரர்கூட மேலே வந்தார். மத்தியான வேளையில், சாப்பிட்ட மயக்கத்தில், அந்தச் சுடர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாம் இருப்பது அலுவலகம் என்பதே மறந்துவிடும்.

கோமதி செங்கம் பக்கத்து கிராமத்துப் பெண். காலேஜ் முடித்துவிட்டு வந்தவள். அவள் வீட்டில் மாதாமாதம் வந்தது அவள் சம்பளம் ஒன்றுதான். வாயாடி. ஆனால் வேலையில் கண் அசையாது. சுடர் துடித்தால் முதலில் நிறுத்து, அப்புறம் தினேஷிடம் சொல் என்பது எங்கள் விதி. அவள் அதைத் தவறவிட்டதே இல்லை. சாதாரண நாட்களில் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை நிறுத்த வேண்டி வரும். நிறுத்தும்போது அவள் உதட்டைக் கடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்தன்று நாங்கள் எல்லோரும் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய்விட்டோம். எங்கள் ஊரில் அன்றைக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் வீடுகளில் விளக்கேற்றுவார்கள். அதுவரை ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டிலேயே நிற்கும். கோமதி மட்டும் கீழே போர்டுக்கு முன்னால் இருந்தாள். ஜன்னலில் மலை தெரியும் என்பதால் அவளே கேட்டு வாங்கிய வேலை அது. ஜன்னல் விளிம்பில் அகல்களை எண்ணெய் ஊற்றித் தயாராக வைத்திருந்தாள்.

ஆறு மணிக்கு உச்சியில் தீபம் எழுந்தது. ஊர் முழுக்க ஒரே குரலாக அரோகரா என்றது. கோமதி ஜன்னலில் முதல் அகலை ஏற்றிவிட்டுத் திரும்பினாள். போர்டில் லாட்ஜ் விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். ஊருக்குள் வந்திருந்த கூட்டத்தில் போன் எதுவும் வேலை செய்யவில்லை. அறை எடுத்தவர்கள் பணம் கட்டியதற்கான பதில் எங்கள் மென்பொருளுக்கு வந்து சேரவில்லை. பணம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு அது ஒவ்வொரு அறையாக விடுவித்து வேறு ஆளுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. உடனே நிறுத்தியிருந்தால் ஒன்றிரண்டு அறையோடு போயிருக்கும்.

கோமதி மவுஸை விளக்கின் மேல் வைத்து அமுக்கினாள். 'நிறுத்தலாமா?' என்று கேள்வி வந்தது. அந்தக் கேள்விக்கு நடுவில் நான் அந்த விளக்கையே பெரிதாக வரைந்து வைத்திருந்தேன். கண்ணுக்கு முன்னால் பெரிய சுடர். ஜன்னலில் மலைமேல் சுடர். மற்றக் கையில் இன்னும் எரியும் தீக்குச்சி. அவள் 'வேண்டாம்' என்பதை அமுக்கிவிட்டாள். மறுபடி விளக்கைத் தொட்டாள், மறுபடி கேள்வி வந்தது, மறுபடி வேண்டாம். படிக்கட்டுக்கு ஓடி வந்து தினேஷைக் கூப்பிட்டாள். மாடியில் நாங்கள் போட்ட சத்தத்தில் எங்கள் குரலே எங்களுக்குக் கேட்கவில்லை. போன் போட்டாள், போகவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேலே வந்து தினேஷின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வந்து நிறுத்து. என்னால முடியல."

"என்னாச்சு? மவுஸ் வேலை செய்யலையா?"

"வா சொல்றேன்!"

தினேஷ் இறங்கிப் போய் நிறுத்தினான். அதற்குள் அறைகள் எல்லாம் கை மாறியிருந்தன.

மறுநாள் காலையில் ஏழுமலை வந்தார். ஊரில் சில லாட்ஜ்களின் சொந்தக்காரர், மற்ற லாட்ஜ்காரர்களும் அவர் சொல்வதைக் கேட்பார்கள். மேடத்தின் அப்பாவுக்கு நண்பர். தீபம் பார்த்துவிட்டு வந்த ஒரு குடும்பம் தங்கள் அறையில் வேறு யாரோ படுத்திருப்பதைப் பார்த்துப் பிள்ளைகளோடு லாட்ஜ் படியில் உட்கார்ந்திருந்ததாம். ஏழுமலை தன் வீட்டு மாடியைத் திறந்து அவர்களைத் தங்க வைத்திருக்கிறார். தூங்காத கண்ணோடு வந்திருந்தார்.

"இன்னாம்மா இது? ஒரு பட்டன் அமுக்கத் தெரியாத பொண்ண உக்கார வெச்சிருக்கற?"

"தெரியும் மாமா அவளுக்கு."

"தெரிஞ்சா ஏன் அமுக்கல? தூங்கிட்டாளா? இல்ல, ஜன்னல்ல வேடிக்கை பாத்துனு இருந்தாளா? அந்தப் பொண்ணு இங்க இருந்தா நாங்க யாரும் இருக்க மாட்டோம். சொல்லிட்டேன்."

கோமதி சுவரோரம் நின்றிருந்தாள். மேஜையில் இருந்த சீப்பு, டிபன் டப்பா, சின்னக் கண்ணாடி எல்லாம் ஏற்கெனவே அவள் பைக்குள் போயிருந்தன. "ஏன் அமுக்கல?" என்று காலையிலிருந்து எல்லோரும் அவளைக் கேட்டுவிட்டோம். "தெரியல. கை போகல" என்பதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. அப்படிப்பட்ட வாயாடி அவ்வளவு நேரம் பேசாமல் நின்றதைப் பார்க்க எனக்கு என்னமோபோல இருந்தது. படம் என்னுடையது, அதைப் பாருங்கள் என்று ஏழுமலையிடம் சொல்ல நினைத்தேன்.

மேடம்தான் பேசினார். "மாமா, இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்க. அதே நேரம், அதே ஜன்னல். அதுக்கு அப்புறமும் இதையே சொன்னீங்கன்னா நீங்க சொல்றபடி."

"வந்து?"

"வாங்களேன்."

எங்கள் தொழிலில் ஒரு தப்பு நடந்தால் அதை மறுபடி நடத்திப் பார்ப்பது உண்டு. வழக்கமாக மென்பொருளைத்தான் அப்படிச் செய்வோம். ஆளை உட்காரவைத்து நடத்தியது அன்றைக்குத்தான். தினேஷ் போர்டைப் போலவே ஒரு நகல் செய்தான். வெறும் படம். அதில் எதை நிறுத்தினாலும் எங்கேயும் எதுவும் நிற்காது. எல்லோருக்கும் அதைச் சொல்லியாயிற்று. ஜன்னலில் கோமதி முந்தின நாள் வைத்த அகல்கள் அப்படியே இருந்தன. மலைமேல் தீபம் அடுத்தடுத்த நாட்களும் சாயங்காலம் ஏற்றுவார்கள். அது எழுந்த நேரத்தில் மேடமே தீக்குச்சி கிழித்து ஒரு அகலை ஏற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முதல்ல நான்" என்றார்.

லாட்ஜ் விளக்கு துடித்தது. மவுஸை அதன் மேல் வைத்தார். கேள்வி வந்தது. அவர் விரல் மவுஸ் மேல் அப்படியே நின்றது. வெளியே யாரோ ஒரு குழந்தை மலையைப் பார்த்துக் கத்தியது கேட்டது. மேடம் கையை எடுத்துவிட்டார்.

"மலை மேல தீபம் தெரிஞ்ச பிறகுதான் எங்க அத்தா கடையில லைட் போடுவார்" என்றார், யாரிடமும் சொல்லாததுபோல. "நானும் இந்த ஊர்க்காரிதானே."

தினேஷ் உட்கார்ந்தான். "நேத்து நான் அமுக்கினேன்ல?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவன், கேள்வி வந்ததும் சிரிப்பை நிறுத்தினான். "நேத்து பயத்துல அமுக்கிட்டேன் மேடம். நிதானமா உக்காந்து அமுக்கச் சொன்னா ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரின்னா?"

"எங்கம்மா பாத்தா அடிப்பாங்க மாதிரி."

ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை. "எந்திரி, எந்திரி. எல்லாம் படிச்சவங்கதானே? பொம்ம வெளக்கு இது." அவர் நாற்காலிக்கு வந்தார். மவுஸைப் பிடிப்பதற்கு முன் கால் செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் ஒதுக்கினார். அதை அவர் கவனிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் கவனித்தோம். கோமதி சுவரோரத்திலிருந்து முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"ரூம் எல்லாம் போயிட்டே இருக்கு மாமா. நிறுத்துங்க" என்றார் மேடம்.

"இரு, இரு."

"படியில ஒரு குடும்பம் உக்காந்திருக்கு."

"இரும்மா! நிறுத்தறேன்ல!"

ஜன்னலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். நெற்றியை இடது கையால் துடைத்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "மன்னிச்சிக்கப்பா" என்று முணுமுணுத்து அமுக்கினார். அமுக்கிவிட்டார். என் புகை எழுந்தது. நூலாக, வளைந்து, மெதுவாக, நான் பார்த்துப் பார்த்துச் செய்த அந்தப் புகை கலைந்து முடிகிறவரை அந்த அறையில் ஒருவரும் அசையவில்லை. அது எவ்வளவு நீளமான புகை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏழுமலை குனிந்து செருப்பைத் தேடினார். எங்கே கழற்றினோம் என்று ஒரு கணம் அவருக்கே புரியவில்லை.

"அந்தப் பொண்ணு இருக்கட்டும்" என்றார். "இந்தப் படத்த மாத்து."

கோமதி பையைத் திறந்து டிபன் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அது மூடி கழன்று உருண்டு கீழே விழுந்து அறை முழுக்கச் சத்தம் போட்டது. அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம்.

படத்தை மாற்று என்று சொல்வது சுலபம். எதை வைப்பது? கொடி வைத்தேன், இறக்க யாருக்கும் மனம் வரவில்லை. பூ வைத்தேன், கிள்ளுவதா என்றார்கள். சக்கரம் வைத்தேன், மேடம் வாசலில் இருந்து பார்த்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ராத்திரி தூக்கத்தில்கூட எனக்கு வரிசையாக ஏதாவது வந்து நிற்கும். ஒன்றைத் தொட்டு நிறுத்தப் போவேன். தொட்டதும் அது ஒரு முகமாகிவிடும்.

ஒரு நாள் மத்தியானம் அலுவலகத்தின் பின்பக்கம் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கோமதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்தத் தீப நாள் சாயங்காலத்தைப் பற்றி அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"தப்புன்னு தெரியுதுண்ணா. ரூம் போறது தெரியுது. விரல் போவல. யாரோ புடிச்சிக்கினு இருக்கற மாதிரி..." பேச்சின் நடுவில் எழுந்து போய்க் கைகழுவும் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "...புடிச்சிக்கினு இருக்கற மாதிரி இருந்திச்சு. உங்களுக்குப் புரியுதா?"

"இப்ப எங்க போன?" என்றேன்.

"எங்க போனேன்? இங்கதானே இருக்கேன்."

"எழுந்து போனியே."

"எப்ப?"

"இப்பதான். குழாய மூடிட்டு வந்த."

குழாயைப் பார்த்தாள். "அது சொட்டுச்சு போல" என்றாள். அவளுக்கு அது நினைவில்லை. எங்கள் பக்கத்தில் தண்ணீர் வராத கோடையைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் நினைவிருக்காது. சொட்டுகிற குழாயைக் கடந்து போக எங்களால் முடியாது. கால் நிற்கும், கை நீளும், மூடும். மனசுக்குச் சொல்லியனுப்புகிற வேலையே இல்லை.

நான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

குழாய் வரைந்தேன். ஓடுகிற மென்பொருளுக்குத் திறந்த குழாய், கீழே ஒழுகும் தண்ணீர். புகையை வரைந்த கை என்பதால் தண்ணீர் நன்றாக வந்தது. மேடத்தைக் கூப்பிடுவதற்கு முன்பே கோமதி அதைப் பார்த்துவிட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்த மூன்று நான்கை மூடிவிட்டாள். கிளினிக்கிலிருந்து டோக்கன் வரவில்லை என்று போன் வந்தது.

"ஏய், அது நல்லாத்தான ஓடிட்டு இருந்துச்சு!" என்று தினேஷ் கத்தினான்.

"தண்ணி சும்மா கொட்டிக்கினு இருக்கு, பாத்துக்கினு இருக்கச் சொல்றியா?"

அவள் சொன்னது சரிதான். தண்ணீர் வெறுமனே ஓடினால் யாருக்கு மனம் ஆறும்? ஒவ்வொரு குழாய்க்கும் கீழே ஒரு குடம் வைத்தேன். தண்ணீர் குடத்தில் விழுந்தால் எல்லாம் நலம். யாரும் அதைத் தொட மாட்டார்கள், குடம் பிடிக்கும்போது குழாயை மூடுகிறவர் உண்டா? மென்பொருள் தடுமாறினால் குடம் வழியும். வழிந்து கீழே ஓடும். வேலை ஏறினால் தண்ணீர்த் தாரை தடிக்கும், நிறுத்தினால் குழாய் மூடி ஒரு கடைசிச் சொட்டு விழும். 'நிறுத்தலாமா?' என்கிற கேள்வியை எடுத்துவிட்டோம். தெரியாமல் மூடிவிட்டால் மறுபடி தொட்டால் திறந்துகொள்ளும், அவ்வளவுதான்.

மேடம் வாசலில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றிச் சுற்றி வைத்துக்கொண்டு பார்த்தார். ஒரு மூச்சுகூட ஆகவில்லை. "வழியுது, வழியுது, அதோ!" என்று கையை நீட்டிக்கொண்டு உள்ளே இரண்டடி வந்துவிட்டார். பிறகு தன்னைப் பார்த்துத் தானே சிரித்தார். அழகாக இருக்கிறது என்று இந்தத் தடவை சொல்லவில்லை. ஏழுமலை வந்து பார்த்துவிட்டு, "இப்ப வீடு மாதிரி இருக்கு" என்றார். கடைசி வரை அவரும் எங்களை விட்டுப் போகவில்லை, மற்ற லாட்ஜ்காரர்களும் போகவில்லை.

அதற்குப் பிறகு நிறைய பக்கங்கள் வரைந்தேன். சொல்லும்படி ஒன்றும் இல்லை. சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன வாரம் மாலை போட்டு அனுப்பினார்கள். ஐம்பத்திரண்டு வயதில் ஓய்வு. இப்போது எனக்கு எல்லாமே மேடம் கண்ணாடி கழற்றிப் பார்ப்பதுபோலத்தான் தெரிகிறது. தெருவிளக்கு ஒவ்வொன்றும் பெரிய வட்டமாகப் பூத்து நிற்கும். மலை சில நாள் மேகமா மலையா என்று தெரியாமல் வானத்தில் கரைந்துவிடும். முதலில் பயமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. அதில் ஒரு நிம்மதிகூட இருக்கிறது.

பிள்ளைகளே, நீங்கள் புள்ளிதான் வைக்கப் போகிறீர்கள் என்றால் வையுங்கள். குழாய் இல்லாத ஊர்களுக்கும் இப்போது நம் போர்டு போகிறதாம். எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் புதிதாக எதை வைத்தாலும் ஒரு தீப நாள் சாயங்காலம் ஒருத்தரை அதற்கு முன்னால் உட்காரவைத்துப் பாருங்கள்.

இந்த வருஷத் தீபத்தன்று கோமதி என்னை அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். இப்போது போர்டு பார்க்கும் எல்லோருக்கும் அவள்தான் மேலாளர். ஆறு மணிக்கு முன்னால் நீங்கள் எல்லோரும் மாடிக்கு ஓடினீர்கள். மேடமும் போனார். போர்டுக்கு முன்னால் கோமதி இருந்தாள். படியில் கால் இடறும் என்று நானும் கீழேயே நின்றுவிட்டேன். வாசலில், மேடம் சாயும் அதே கதவில் சாய்ந்து நின்றேன். அறையில் விளக்குப் போடவில்லை. சுவரில் தண்ணீர்த் தாரைகள் மங்கலாக, சத்தமில்லாமல், குடங்களில் விழுந்துகொண்டிருந்தன. ஜன்னலில் மலை இருட்டாக ஒரு பெரிய மூச்சுபோல நின்றது.

சத்தம் எழுந்தது. மலை உச்சியில் ஏதோ பூத்து விரிந்தது. எனக்கு அது ஒரு சுடராகத் தெரியவில்லை, பாதி வானமாகத் தெரிந்தது.

கோமதி ஜன்னலைப் பார்த்தபடி தீக்குச்சி கிழித்தாள். அந்த நேரத்தில் போர்டின் கீழ் மூலையில் ஏதோ ஈரமாகப் படர்வது எனக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது. சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் டிக் என்று கேட்டது. அவள் திரும்பவே இல்லை. முகம் மலையைப் பார்த்திருந்தது, வலது கை அகலில் திரியைத் தொட்டுக்கொண்டிருந்தது, இடது கை ஜன்னலை ஒட்டிய மேஜையில் மவுஸ்மேல் இருந்தது. ஒரு கை ஏற்றியது, ஒரு கை மூடியது.

மூலையில் ஈரம் நின்றது. அகலில் சுடர் நிமிர்ந்தது.

"தீபம் தெரியுதாண்ணா?" என்று கேட்டாள்.

"தெரியுது" என்றேன். "இப்ப குழாய மூடினியே, எது?"

"நானா? எப்ப?" என்றாள் கோமதி.